எழும்போதே விழும் கணிப்பொறி

திருமழபாடியிலிருந்து வாசகச் சகோதரி ஒருவர் நீண்டதொரு மடல் வரைந்திருக்கிறார். கொள்ளிடத்தின் வடகரையில் அமைந்த அவ்வூரில், தம் இல்லத்தில் இருந்தபடியே திருமண ஒளிப்படத் தொகுப்புகளையும் காணொளிகளையும் வடிவமைத்துக் கொடுத்துப் பொருளீட்டி வருபவர் அவர். வளைகுடாவில் பணிபுரியும் தமையனார் அனுப்பிய தொகையில் 2023ஆம் ஆண்டு மேசைக் கணிப்பொறி ஒன்றை வாங்கினாராம். கடந்த சில மாதங்களாக அது படுத்தும் பாட்டை அவர் எழுத்திலேயே தருகிறோம்:

"பொத்தானை அழுத்தினால் விசிறி சுழல்கிறது; விண்டோஸ் அடையாளம் தோன்றுகிறது; மறு நொடி நீலத்திரை விரிந்து, மீண்டும் முதலிலிருந்து தொடங்குகிறது. பத்து முறை முயன்றால் ஒரு முறை எழுகிறது. கடைக்காரர் இருமுறை விண்டோஸ் இருந்த பகுதியை அழித்துப் புதிதாக ஏற்றிக் கொடுத்தார். ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. இப்போது, 'மதர்போர்டு, பிராசசர் இரண்டையும் மாற்றுங்கள். இல்லையென்றால் டிஸ்க் முழுவதையும் அழித்துப் பார்ப்போம்' என்கிறார். மாற்றுவதென்றால் அண்ணன் அடுத்து அனுப்பும் பணம் முழுவதும் இதற்கே போய்விடும். அழிப்பதென்றால் மூன்று வீட்டுத் திருமணப் படங்கள் அதில் இருக்கின்றன. மறைந்த எங்கள் நன்னாவின் குரல் பதிவும் அதில்தான் இருக்கிறது. நான் கேட்கும் கேள்விக்கெல்லாம் கடைக்காரர் என் தம்பியைப் பார்த்தே பதில் சொல்கிறார். நான் என்ன செய்யட்டும்?"

சகோதரியின் வினா அவருக்கு மட்டும் உரியதன்று. வீட்டுக்கு வீடு கணிப்பொறி வந்துவிட்ட இந்நாளில், இத்தகைய இக்கட்டு எந்தக் குடும்பத்துக்கும் நேரலாம். ஆதலால் இம்மாதப் பகுதி முழுவதையும் இதற்கே ஒதுக்குகிறோம். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுவோம்: பழுது எந்த அடுக்கில் இருக்கிறது என்று தெரியும் முன்னர் எதையும் அழிக்கவும் வேண்டாம், எதையும் மாற்றவும் வேண்டாம்.

மூன்று அடுக்குகள்

கணிப்பொறியை மூன்று தளங்கள் கொண்ட வீடாக எண்ணிக் கொள்ளலாம். அடியில் இருப்பது வன்பொருள்: செயலி, தாய்ப்பலகை, நினைவகம், வட்டு ஆகியன. மேலே இருப்பது விண்டோஸ், லினக்ஸ் போன்ற இயக்க மென்பொருளும் நாம் பயன்படுத்தும் பிற மென்பொருள்களும். இவ்விரண்டுக்கும் இடையே, பெரும்பாலோர் கண்ணில் படாத நடுத்தளம் ஒன்று உண்டு. அதுவே நிலைபொருள். கடைத்தெருவில் அதனைப் 'பயாஸ்' என்பர்.

தாய்ப்பலகையின் மீதுள்ள விரல்நகம் அளவேயான சில்லு ஒன்றில் இந்நிலைபொருள் எழுதப்பட்டிருக்கிறது. பொத்தானை அழுத்தியவுடன் முதலில் விழிப்பது இதுதான். நினைவகம் உள்ளதா, வட்டு எங்கே, விசைப்பலகை இணைந்திருக்கிறதா என்றெல்லாம் சோதித்து, எல்லாம் சரியாக இருந்தால் பொறுப்பை விண்டோஸிடம் ஒப்படைக்கிறது. 1981இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் தனியாள் கணிப்பொறி வெளிவந்தபோது, இது மாற்ற இயலாத சில்லில் நிலையாகப் பதிக்கப்பட்டிருந்தது. பின்னாளில், அழித்து மீண்டும் எழுதத்தக்க ஃபிளாஷ் சில்லுகள் வந்தன. அதனால் நிலைபொருளில் பிழை காணப்பட்டால், சில்லைப் பெயர்த்தெடுக்காமலேயே திருத்திய பதிப்பை ஏற்ற முடிந்தது.

வன்தட்டில் உள்ள விண்டோஸை எத்தனை முறை அழித்து ஏற்றினாலும் இந்தச் சில்லில் உள்ள நிலைபொருள் மாறாது என்பதே நாம் இங்குக் கவனிக்க வேண்டியது. நடுத்தளத்தில் பிழை இருக்க, மேல்தளத்தை இடித்துக் கட்டுவதால் பயன் யாது? சகோதரியின் கணிப்பொறி இருமுறை புதிய விண்டோஸ் பெற்றும் ஒரு வாரத்தில் பழைய நிலைக்கே திரும்பியது என்பது, பழுது மேல்தளத்தில் இல்லை என்பதற்கு வலுவான குறிப்பு.

நீலத்திரை எல்லாம் ஒன்றல்ல

எனினும் எல்லா நீலத்திரைக்கும் நிலைபொருளே காரணம் என்று கொள்ளலாகாது. 2024ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 19ஆம் நாள் உலகெங்கும் நிகழ்ந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கிரவுட்ஸ்டிரைக் என்னும் பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் அனுப்பிய பிழையான கோப்பு ஒன்றினால், ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணிப்பொறிகள் எழும்போதே விழுந்தன என மைக்ரோசாஃப்ட் மதிப்பிட்டது. நம் நாட்டு விமான நிலையங்களிலும் பயணிகள் வரிசையில் காத்து நின்றனர். சிலருக்குப் போர்டிங் பாஸ் கையால் எழுதித் தரப்பட்டது.

அன்று பழுது இருந்தது மேல்தளத்தில். விண்டோஸைப் பாதுகாப்பு நிலையில் எழுப்பி, அந்த ஒரு கோப்பை நீக்கியதும் கணிப்பொறிகள் உயிர்பெற்றன. தாய்ப்பலகையை மாற்ற வேண்டியிருக்கவில்லை. வட்டை அழிக்க வேண்டியும் இருக்கவில்லை. நோய் ஒன்றாகவும் மருந்து வேறாகவும் இருந்தால் பொருளும் போகும், நோயும் தீராது.

நிலைபொருள் பழசானதால் வந்த பெரும் பழுது

இனி, சகோதரியின் மடலுக்கு மிக அணுக்கமானதும் உலகறிந்ததுமான நிகழ்ச்சிக்கு வருவோம். மேசைக் கணிப்பொறிகளுக்கான இன்டெல் நிறுவனத்தின் 13ஆம் தலைமுறைச் செயலிகள் 2022 அக்டோபரிலும், 14ஆம் தலைமுறைச் செயலிகள் 2023 அக்டோபரிலும் வெளிவந்தன. அவற்றுள் ஆற்றல் மிக்க சில வகைகளை வாங்கியோரிடமிருந்து 2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில் குறைகள் குவியத் தொடங்கின. திடீரென நீலத்திரை தோன்றியது. விளையாட்டுகள் தொடங்கும்போதே நின்றன. பெரிய சுருக்கக் கோப்புகளை விரிக்கும்போது பிழை காட்டிற்று. படக்காட்டி அட்டையில் நினைவகம் போதவில்லை என்னும் பொய்ச் செய்தியும் வந்தது. பயனர்கள் படக்காட்டி அட்டையை மாற்றினர்; நினைவகத்தை மாற்றினர்; விண்டோஸை மீண்டும் மீண்டும் ஏற்றினர். பயன் கிட்டவில்லை.

அந்த ஆண்டு ஜூலையில் இன்டெல் காரணத்தை அறிவித்தது. செயலிக்குள் நுண்நிரல் எனப்படும் மிக நுட்பமான கட்டளைத் தொகுதி ஒன்று உண்டு. எந்த வேகத்தில் ஓட எவ்வளவு மின்னழுத்தம் வேண்டும் என்று கேட்டுப் பெறுவதிலும் அதற்குப் பங்குண்டு. அதில் இருந்த பிழையினால், செயலி தன் தேவைக்கு மிஞ்சிய மின்னழுத்தத்தைக் கேட்டு வாங்கிற்று. மிகுந்த அழுத்தமும் வெப்பமும் சேர்ந்து, செயலியின் உட்கருவில் காலத்துடிப்பை வழங்கும் மின்சுற்றை மெல்ல மெல்ல முதுமையுறச் செய்தன. அவ்வாறு முதுமையுற்ற செயலி, முன்பு போதுமானதாக இருந்த மின்னழுத்தத்தில் நிலைத்து நிற்க இயலாமல் தடுமாறுகிறது. செயலி கடுமையாக உழைக்கும்போது மட்டுமன்றி, ஓய்வாகவோ இலேசான வேலையிலோ இருக்கும்போதும் அது மிகை மின்னழுத்தம் கேட்டது என்பதையும் இன்டெல் பின்னர் கண்டறிந்தது.

திருத்தங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 2024 ஆகஸ்டில் 129 என்று முடியும் எண் கொண்ட நுண்நிரல், 1.55 வோல்ட்டுக்கு மேற்பட்ட கோரிக்கைகளைத் தடுத்தது. செப்டம்பரில் 12பி என்று முடியும் பதிப்பும், 2025 மே மாதத்தில் 12எஃப் என்று முடியும் பதிப்பும் வெளிவந்தன.

இத்திருத்தங்கள் பயனரை வந்தடையும் வழியே நிலைபொருள்தான். நுண்நிரலின் திருத்தம் செயலிக்குள் நிலையாகத் தங்குவதில்லை. மின்சாரம் நின்றதும் மறைந்துவிடும். ஒவ்வொரு முறை கணிப்பொறி எழும்போதும் பயாஸ் அதனைச் செயலிக்குப் புதிதாக ஊட்டுகிறது. ஆகவே 2023இல் வாங்கிய கணிப்பொறியின் பயாஸ் இன்றளவும் 2023ஆம் ஆண்டுப் பதிப்பாகவே இருந்தால், நாள்தோறும் பழைய பிழையையே செயலிக்கு ஊட்டிக்கொண்டிருக்கிறது என்பது பொருள். விண்டோஸ் தானே புதுப்பித்துக் கொள்கிறது, கைப்பேசியும் அவ்வாறே. ஆனால் கடையில் பொருத்தி வாங்கிய மேசைக் கணிப்பொறியின் பயாஸைப் பெரும்பாலும் நாமேதான் புதுப்பிக்க வேண்டும். அதனை யாரும் நமக்குச் சொல்வதில்லை.

உங்கள் கணிப்பொறி அவ்வகையா?

சகோதரியின் மடலில் செயலியின் பெயர் இல்லை. எனவே அவரும், அவரைப் போன்ற பிறரும் தாமே கண்டறியும் வழியைக் கூறுகிறோம். வாங்கிய ரசீதிலோ செயலியின் பெட்டியிலோ பெயர் இருக்கும். இன்டெல் அறிவித்த பட்டியலில் 24 வகைகள் உள்ளன. ஐ5 வரிசையில் கே என்னும் எழுத்துப் பெற்ற 13600, 14600. ஐ7 வரிசையில் 13700, 14700. ஐ9 வரிசையில் 13900, 14900 ஆகியவற்றின் வகைகள் அதில் அடங்கும். காணொளி வடிவமைப்புக்கென வாங்குவோர் பெரும்பாலும் இத்தகைய ஆற்றல் மிக்க செயலிகளையே தேர்ந்தெடுப்பர். மடிக்கணிப்பொறிகளில் உள்ள செயலிகள் இச்சிக்கலுக்கு உட்பட்டவை அல்ல என்று இன்டெல் தெரிவித்துள்ளது.

பயாஸின் வயதை அறிவதும் எளிது. கணிப்பொறி எழும் ஒரு நல்ல நேரத்தில், ஸ்டார்ட் பட்டியலில் 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' என்னும் பக்கத்தைத் திறந்தால், பயாஸின் பதிப்பு எண்ணும் நாளும் தாய்ப்பலகையின் பெயரும் அங்கே இருக்கும். விண்டோஸ் எழவே இல்லையென்றால், பொத்தானை அழுத்தியதும் டெலீட் அல்லது எஃப்2 விசையைத் தொடர்ந்து தட்டினால் பயாஸ் திரை தோன்றும். அதிலும் இவ்விவரங்கள் உண்டு.

அவ்வகைச் செயலி இல்லையென்றாலும் பயாஸ் பழசாயிருப்பது வேறு வகையில் இடர் தரலாம். 2018இல் ஏ.எம்.டி. நிறுவனத்தின் புதிய செயலிகளை வாங்கிய சிலர், கடையில் நெடுநாள் இருந்த தாய்ப்பலகையில் அவற்றைப் பொருத்தியபோது கணிப்பொறி எழவே இல்லை. பலகையின் பழைய பயாஸுக்குப் புதிய செயலியை அடையாளம் தெரியவில்லை. பயாஸைப் புதுப்பிப்பதற்காகவே அந்நிறுவனம் பழைய செயலி ஒன்றை இரவல் கொடுத்து உதவியது. உறுப்புகள் இரண்டும் நல்லவை. இடையில் இருந்த நிலைபொருள் மட்டுமே பழையது.

செய்ய வேண்டியவை, வரிசையாக

முதலாவது, தகவல்களைக் காப்பாற்றுங்கள். வேறொரு கணிப்பொறியில் லினக்ஸ் இயக்க மென்பொருளைப் பென்டிரைவ் ஒன்றில் ஏற்றி, அதிலிருந்தே பழுதான கணிப்பொறியை எழுப்ப முயலலாம். எழுந்தால், வட்டில் உள்ளவற்றை வெளி வட்டுக்குப் பிரதி எடுத்துக் கொள்ளலாம். எழவில்லையெனில், வட்டைக் கழற்றி, அதற்குரிய உறையில் இட்டு, மற்றொரு கணிப்பொறியில் இணைத்துப் பிரதி எடுக்கலாம். தாய்ப்பலகையும் செயலியும் பழுதானாலும் வட்டில் உள்ளவை அப்படியே இருக்கும். நன்னாவின் குரல் அழிய வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

இரண்டாவது, அதே பென்டிரைவ் ஒரு சோதனையும் ஆகும். லினக்ஸில் மணிக்கணக்கில் நிலைத்து நின்று, விண்டோஸில் மட்டும் விழுந்தால் பழுது மேல்தளத்தில் இருக்கலாம். இரண்டிலும் விழுந்தால் பழுது கீழே இருக்கிறது. விண்டோஸை அழிப்பது வீண்.

மூன்றாவது, எளிய காரணங்களை விலக்குங்கள். அரியலூர் வட்டாரத்து வெயிலும், சாலைப் புழுதியும் விசிறியையும் வெப்பக் கடத்தியையும் அடைத்துவிடக் கூடியவை. மின்இணைப்பைத் துண்டித்து, தூசியைத் துடைத்து, நினைவக அட்டைகளைக் கழற்றித் திரும்பச் செருகுங்கள். இரண்டு அட்டைகள் இருந்தால் ஒவ்வொன்றாகப் பொருத்திப் பாருங்கள். பயாஸ் திரையில் நினைவகத்தின் வேகத்தைக் கூட்டும் 'எக்ஸ்.எம்.பி.' என்னும் அமைப்பு இயங்கினால் அதனை நிறுத்திவைத்துச் சோதியுங்கள். மெம்டெஸ்ட் போன்ற நினைவகச் சோதனையை ஓர் இரவு முழுதும் ஓடவிடுவதும் நன்று.

நான்காவது, நீலத்திரை தோன்றும்போது கைப்பேசியில் அதனைப் படமெடுத்து வையுங்கள். அதன் அடியில் உள்ள பிழைக்குறி, நோயாளியின் இரத்தப் பரிசோதனைத் தாள் போன்றது. ஒவ்வொரு முறையும் வெவ்வேறு குறி வந்தால் அடித்தளத்தில் குறை இருக்கக்கூடும் என்று ஐயுறலாம்.

ஐந்தாவது, இவற்றுக்குப் பிறகும் தீரவில்லை, பயாஸும் பழசு என்றால், அதனைப் புதுப்பியுங்கள்.

பயாஸைப் புதுப்பிக்கும் முறை

இப்பணியில் அச்சம் வேண்டாம், அசட்டையும் கூடாது. தாய்ப்பலகையின் முழுப் பெயரை, கடைசி எழுத்துவரை, குறித்துக்கொள்ளுங்கள். ஓர் எழுத்து வேறுபட்டாலும் அது வேறு பலகை. அதனைத் தயாரித்த நிறுவனத்தின் சொந்த இணையதளத்திலிருந்து மட்டுமே புதிய பதிப்பை இறக்குங்கள். அப்பதிப்பின் குறிப்பில், மேலே சொன்ன நுண்நிரல் திருத்தம் அடங்கியுள்ளதா என்றும் பாருங்கள். வேறொரு கணிப்பொறியில் இறக்கி, விரித்து, ஃபேட்32 முறையில் வடிவமைத்த பென்டிரைவில் இடலாம்.

விண்டோஸ் தன் வட்டைப் பூட்டிவைக்கும் 'பிட்லாக்கர்' வசதி இயங்குகிறதா என்று முன்னதாகப் பார்த்துவிட வேண்டும். பயாஸ் மாறியதும் விண்டோஸ் ஐயுற்று 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கக் கூடும். அவ்வெண் நம்மிடம் இல்லையெனில் நம் வீட்டு வாசலிலேயே நாம் வெளியே நிற்க நேரிடும். பலருக்கு அது அவர்தம் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். அதனைத் தாளில் எழுதி வைத்த பின்னரே தொடங்குங்கள். பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்திவைப்பதும் உண்டு.

பின்னர் பயாஸ் திரைக்குள் சென்று, புதுப்பிக்கும் பகுதியைத் திறந்து, பென்டிரைவில் உள்ள கோப்பைச் சுட்டினால் எழுதும் பணி தொடங்கும். சில நிமிடங்களே ஆகும். அந்த நிமிடங்களில் மின்சாரம் நின்றுவிடக் கூடாது. பாதி எழுதப்பட்ட நிலைபொருளால் கணிப்பொறி விழிக்கவே இயலாது. மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாள் நாளிதழ்களில் முன்கூட்டியே வெளியாகிறது, அந்நாளைத் தவிருங்கள். ஆடிக் காற்று வீசும் நாளும், இடி மின்னல் நேரமும் இதற்கு ஏற்றவை அல்ல. யூ.பி.எஸ். இணைப்பு இருப்பதே பாதுகாப்பு.

சில பலகைகளின் பின்புறத்தில், பயாஸைப் புதுப்பிப்பதற்கென்றே தனிப் பொத்தானும் அதற்குரிய பென்டிரைவ் வாயிலும் உண்டு. கணிப்பொறி எழாத நிலையிலும் அதன் வழியே புதிய பதிப்பை ஏற்றலாம். பலகையின் கையேட்டில் அதன் முறை இருக்கும்.

எழுதி முடிந்ததும் கணிப்பொறி இரண்டு மூன்று முறை தானே அணைந்து எழலாம். முதல் எழுச்சி வழக்கத்தைவிட நெடுநேரம் பிடிக்கலாம். பதற்றத்தில் பொத்தானை அழுத்திவிடாதீர்கள். எழுந்தபின் பயாஸ் திரையில் இயல்பு அமைப்புகளை ஏற்றுங்கள். மேற்சொன்ன இன்டெல் செயலியாயின், 'இன்டெல் டிஃபால்ட் செட்டிங்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். தாய்ப்பலகை நிறுவனங்கள் சில, வேகத்தைக் கூட்டிக் காட்டுவதற்காக இன்டெல் வகுத்த எல்லையைத் தளர்த்தி வைத்திருந்ததும் இச்சிக்கலுக்கு ஒரு காரணம் என்று கண்டறியப்பட்டது.

தொடக்கூடாத நேரம்

இதைப் படித்துவிட்டு, நன்றாக ஓடும் கணிப்பொறியின் பயாஸில் வெறும் ஆர்வத்தால் கைவைக்க வேண்டா. தக்க காரணம் இருந்தால் மட்டுமே தொட வேண்டிய இடம் அது. 1998இல் தைவானில் மாணவர் ஒருவர் எழுதிய சி.ஐ.ஹெச். என்னும் நச்சுநிரல், 1999 ஏப்ரல் 26 அன்று உலகெங்கும் விழித்தெழுந்து, வட்டின் தொடக்கப் பகுதியை அழித்ததுடன் பயாஸையும் சிதைக்க முயன்றது. செர்னோபில் அணுஉலை விபத்து நிகழ்ந்த அதே நாள் என்பதால் அதற்கு அப்பெயரும் ஏற்பட்டது. பயாஸ் சிதைந்த கணிப்பொறிகளில் சில்லையே மாற்ற வேண்டியிருந்தது.

தீய நோக்கமின்றியும் இது நேரலாம். 2017ஆம் ஆண்டு வெளிவந்த உபுண்டு 17.10 பதிப்பை நிறுவியபோது, சில நிறுவனங்களின் மடிக்கணிப்பொறிகளில் பயாஸ் அமைப்புகளை மாற்றிச் சேமிக்க இயலாமல் போயிற்று. அந்த ஆண்டு டிசம்பரில் அப்பதிப்பைத் தற்காலிகமாகத் திரும்பப் பெற்று, காரணமான சிறு நிரலை நீக்கி மீண்டும் வெளியிட்டார்கள்.

2011 முதல் தமிழக அரசு மாணவர்களுக்கு வழங்கிய விலையில்லா மடிக்கணிப்பொறிகள் இன்றும் பல இல்லங்களில் இருக்கின்றன. அவற்றில் நாளும் நேரமும் அடிக்கடி பழைய ஆண்டுக்குத் திரும்பிவிட்டால், உள்ளே உள்ள நாணய வடிவ மின்கலம் தீர்ந்திருக்கலாம் என்று முதலில் ஐயுறுங்கள். நாள் தவறினால் இணையதளங்களும் திறக்க மறுக்கும். சிறு செலவில் தீரும் குறைக்காகப் பயாஸைத் தொட வேண்டியதில்லை.

புதுப்பிக்கும்போது மின்சாரம் நின்று கணிப்பொறி உறைந்துவிட்டாலும் நம்பிக்கை இழக்க வேண்டா. சில பலகைகளில் இரண்டாவது பயாஸ் சில்லு துணைக்கு உண்டு. அது இல்லையெனினும், சில்லின் மீது கவ்வியைப் பொருத்தி நிலைபொருளை நேரடியாக எழுதும் கருவி பழுதுநீக்குவோர் பலரிடம் இருக்கிறது. சென்னை ரிச்சி தெருவில் மட்டுமன்றி, பெருநகரங்கள் எங்கும் இப்பணி நடைபெறுகிறது. புதிய தாய்ப்பலகையின் விலையோடு ஒப்பிட்டால் அதற்கான கூலி சிறிதே.

புதுப்பித்தும் தீரவில்லையெனில்

இன்டெல் செயலியைப் பொறுத்தவரை ஓர் உண்மையை மறைக்கலாகாது. புதிய நுண்நிரல் இனி வரும் சேதத்தைத் தடுக்கும். ஏற்கெனவே முதுமையுற்ற மின்சுற்றை இளமையாக்காது. நிலைபொருளைப் புதுப்பித்து, இயல்பு அமைப்புகளில் வைத்த பிறகும் கணிப்பொறி விழுந்துகொண்டே இருந்தால், செயலியை மாற்றத்தான் வேண்டும். ஆனால் அதற்கு அண்ணனின் பணம் தேவைப்படாமல் போகலாம்.

2024 ஆகஸ்டில் இன்டெல், பாதிக்கப்பட்ட வகைகளுக்கு உத்தரவாதக் காலத்தை மேலும் இரண்டு ஆண்டுகள் நீட்டித்தது. பெட்டியுடன் தனியே வாங்கிய செயலிக்கு இருந்த மூன்று ஆண்டுகள், வாங்கிய நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளாயின. 2023இல் வாங்கியவருக்கு 2028 வரை அவ்வுரிமை உண்டு. பெட்டியுடன் வாங்கியவர்கள் இன்டெல்லின் உத்தரவாதப் பிரிவை நேரே அணுகலாம். முழுக் கணிப்பொறியாகவோ பெட்டியின்றியோ வாங்கியவர்கள் விற்றவரிடம் கேட்க வேண்டும். ரசீதும், செயலியின் தொடர் எண்ணும் கையில் இருத்தல் அவசியம்.

இவ்வுரிமைக்கும் ஒரு வரலாறு உண்டு. 1994இல் இன்டெல்லின் பென்டியம் செயலி சில வகுத்தல் கணக்குகளில் தவறான விடை தருவது வெளிப்பட்டது. தமக்கு அத்தகைய கணக்கு தேவைப்படுகிறது என்று காட்டுவோருக்கு மட்டுமே மாற்றித் தருவோம் என்று அந்நிறுவனம் முதலில் கூறிற்று. பொதுமக்களின் எதிர்ப்பு வலுத்ததும், அந்த ஆண்டு டிசம்பரில், கேட்போர் அனைவருக்கும் மாற்றித் தர இசைந்தது. அதற்கென 47.5 கோடி டாலரைக் கணக்கில் ஒதுக்க நேர்ந்தது. விற்பனையான செயலிக்குள்ளேயே அக்குறையைத் திருத்த வழி இருக்கவில்லை. அடுத்து வந்த பென்டியம் புரோ செயலியில் நுண்நிரலைப் பின்னர் திருத்திக்கொள்ளும் வசதி இருந்தது. பயாஸ் வழியே இன்று நாம் பெறும் திருத்தம் அவ்வழி வந்ததே.

உரிய உத்தரவாதத்தை விற்றவர் மறுத்தால், தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் முறையிடலாம். அதற்கும் செவிசாய்க்கவில்லையெனில் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நாடலாம்.

கடைக்காரரிடம் கேட்க மூன்று கேள்விகள்

பழுதுநீக்கும் தொழிலாளர் யாவரையும் குறை கூறுவது நம் நோக்கமன்று. ஒரு நாளில் பத்துக் கணிப்பொறிகளைப் பார்க்கும் ஒருவர், எல்லாவற்றுக்கும் விண்டோஸை அழித்து ஏற்றுவதையே முதல் மருந்தாகக் கொள்வது இயல்பு. பெரும்பாலான வேளைகளில் அது பலித்தும்விடுகிறது. பலிக்காத வேளையில் கேள்வி கேட்பது உடைமையாளரின் பொறுப்பு. கணிப்பொறியில் உழைத்துச் சம்பாதிப்பவர் பெண்மணி என்றால் கேள்வியும் அவருடையதே. பதிலும் அவர் முகம் நோக்கியே வரவேண்டும்.

கேட்க வேண்டியவை மூன்று. விண்டோஸ் அல்லாத வேறோர் இயக்க மென்பொருளில் எழுப்பிச் சோதித்தீர்களா? பயாஸின் பதிப்பு எந்த ஆண்டினது, அதற்குப் பின் புதியது வந்துள்ளதா? இச்செயலி நீட்டித்த உத்தரவாதப் பட்டியலில் உள்ளதா? இம்மூன்றுக்கும் விடை கூறுபவரிடம் கணிப்பொறியை நம்பி ஒப்படையுங்கள். விடை கூறாமல் வட்டை அழிக்க முனைபவரிடமிருந்து அதனைத் திரும்பப் பெற்றுக் கொள்ளுங்கள்.

வாசகர்கள் அனைவரும் இம்மாதம் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. உங்கள் இல்லத்துக் கணிப்பொறியின் ரசீதைத் தேடி எடுங்கள். ஒரு தாளில் செயலியின் பெயர், தாய்ப்பலகையின் பெயர், பயாஸின் பதிப்பு, 48 இலக்க மீட்பு எண் ஆகியவற்றை எழுதுங்கள். அத்தாளையும் ரசீதையும் குடும்ப அட்டையும் எரிவாயுப் புத்தகமும் இருக்கும் அதே உறையில் பத்திரப்படுத்துங்கள். அரை மணி நேரத்து வேலைதான். கணிப்பொறி எழ மறுக்கும் நாளில் அந்த உறை கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும்.